கருவாட்டைப் பாக்கெட்டில் அடைக்கும் முன்: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு

ஓலைப்பெட்டியில் குவித்து வைத்து, கேட்டவருக்குக் கேட்ட அளவு நிறுத்துக் கொடுக்கும் நெத்திலிக்கும், அதே நெத்திலியைக் கால் கிலோ பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டி விற்பதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மீன் ஒன்றுதான், உப்பும் ஒன்றுதான். ஆனால் சீல் போடும் மிஷினின் கைப்பிடியை அழுத்தியதுமே எடையளவுச் சட்டம், உணவு லேபிள் விதி, ஜிஎஸ்டி மூன்றும் ஒன்றாக உள்ளே வந்துவிடுகின்றன. மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்தக் கரையில் எங்கிருந்து பாக்கெட் போட்டாலும் இதே கதைதான். கடந்த சில ஆண்டுகளில் இந்த விதிகளில் மாறியவை நிறைய. பழைய பாக்கெட் ஒன்றைப் பார்த்து அப்படியே அச்சடிப்பதுதான் புதிதாக இறங்குபவர்கள் முதலில் செய்யும் தவறு.

வேலையை எந்த வரிசையில் செய்தால் பணமும் நாளும் வீணாகாதோ, அந்த வரிசையிலேயே கீழே சொல்லியிருக்கிறோம். லேபிள் அச்சடிப்பது நான்காவதாகத்தான் வருகிறது. அதை முதலில் செய்துவிட்டு, பதிவு எண் வந்த பிறகு பத்தாயிரம் ஸ்டிக்கரைக் குப்பையில் போடாதீர்கள்.

1. உணவுப் பாதுகாப்புப் பதிவு

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 18(3) பிரிவு மீனவரையும் விவசாயியையும் அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பிடித்த மீனைக் கரையில் ஏலம் விடுபவருக்கு இந்தப் பதிவு வேண்டாம். ‘நாங்களும் மீனவக் குடும்பம்தானே’ என்று சொல்லிக் கருவாட்டுப் பாக்கெட்டுக்கும் இந்த விலக்கைக் கேட்க முடியாது. உப்புப் போட்டு, காயவைத்து, அடைத்து விற்பது உணவுத் தொழில். அதற்குப் பதிவோ உரிமமோ கட்டாயம்.

விண்ணப்பம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற இணையதளத்தில் மட்டுமே. சிறு உற்பத்தியாளருக்குப் பதிவு (படிவம் ‘ஏ’), அதற்கு மேல் உரிமம் (படிவம் ‘பி’). 2011-ஆம் ஆண்டு விதிகள் இரண்டுக்கும் நடுவே ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் என்று கோடு போட்டன. இந்த எல்லையும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே யாரோ சொன்ன தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் உங்கள் விற்பனைத் தொகையைப் போடுங்கள். எந்த வகை, எவ்வளவு கட்டணம் என்பதைத் தளமே காட்டிவிடும்.

தொழிலின் வகையைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘சில்லறை விற்பனை’ என்று மட்டும் குறித்துவிட்டு, வீட்டில் காயவைத்து அடைத்தால் அந்தப் பதிவு உங்கள் வேலையைத் தாங்காது. மீன் பதப்படுத்தும் உற்பத்தி என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். பிறரிடம் மொத்தமாக வாங்கி அடைப்பது மட்டும்தான் வேலை என்றால், மறுபொட்டலமிடுவோர் என்ற வகை இருக்கிறது.

பதிவுக்கான விண்ணப்பத்தை அதிகாரி 7 நாளுக்குள் ஏற்கவேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்கவேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்கவேண்டும். ஆய்வு என்றால் 30 நாளுக்குள் முடிவு வரவேண்டும். கிடைப்பது 14 இலக்க எண். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. பாக்கெட்டில் மட்டுமல்ல, 2022 ஜனவரி 1 முதல் நீங்கள் கொடுக்கும் பில்லிலும் இந்த எண் இருக்கவேண்டும். பில் புத்தகம் அச்சடிக்கும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

2. காயப்போடும் இடம்

மணலில் நேரடியாகக் காயப்போட்ட மீனைப் பாக்கெட்டில் விற்க நினைக்காதீர்கள். 2011 உணவு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை சுத்தத்தைப் பற்றிப் பல பக்கம் பேசுகிறது. நம் கரைக்கு அதன் சாரம் இவ்வளவுதான்: இடுப்பளவு உயரத்தில் கம்பி அல்லது வலைப் பரண், மேலே ஈ புகாத வலை, நாயும் காக்கையும் அண்டாத வேலி, கழுவ நல்ல தண்ணீர், கழிவுநீர் தேங்காத தரை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மீன் சீக்கிரம் காயும். ஆனால் அதே காற்று மணலை வாரி மீன் மேல் கொட்டும். காற்று வரும் பக்கம் ஒரு தட்டி கட்டினால் பல்லில் மணல் கடிபடுகிறது என்ற புகார் பாதி குறைந்துவிடும். கொண்டல் மழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெளியே பார்க்கக் காய்ந்ததாகத் தெரியும் மீனின் முதுகெலும்பை ஒட்டி ஈரம் நிற்கும். அப்படியே அடைத்தால் இரண்டு வாரத்தில் பாக்கெட்டின் உள்பக்கம் வியர்க்கும். பிறகு பூஞ்சணம்தான். நடுமுள்ளருகே விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

ஈ வராமல் இருக்கப் பூச்சிமருந்து தெளிப்பது கரையோரத்தில் சிலர் செய்யும் கள்ளவேலை. அதைப் பாதுகாப்பற்ற உணவு என்றே சட்டம் பார்க்கும். அபராதத்தோடு போகாது, சிறைவரை போகும். ஃபார்மலினும் அப்படியே. உப்பு விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நேரடியாக உண்ணும் உப்பில்தான் அயோடின் கட்டாயம், பதப்படுத்துவதற்கான உப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாலிநோக்கம் பக்கத்துக் கல்லுப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மண்ணும் சேறும் கலக்காததாக இருந்தால் போதும்.

இடத்தைப் பற்றி இன்னொன்று. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, 2011, கட்டடம் கூடாத பகுதியிலும் மீன் உலர்களம், ஏலக்கூடம், வலை பின்னும் களம் போன்ற மீனவர் வசதிகளை அனுமதித்தது. உலர்களத்துக்கு இருக்கும் இந்தச் சலுகையை நம்பி, அதே இடத்தில் கான்கிரீட் குடோன் எழுப்பினால் சிக்கல். அடைக்கும் அறையை ஊருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

3. தராசு

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வைக்கவேண்டும். இரும்பு எடைக்கற்களுக்கு 24 மாதம். முத்திரைச் சான்றிதழைத் தராசு இருக்கும் அறையிலேயே கண்ணில் படும்படி மாட்டுங்கள். பீரோவில் பத்திரமாக வைத்திருப்பதால் பயன் இல்லை.

கடையில் கிடைக்கும் 30 கிலோ தராசு சின்னப் பாக்கெட்டுக்கு ஒத்துவராது. தராசின் தகட்டில் ‘e’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் அந்தத் தராசின் ஒரு படி. வணிகத் தராசுகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றில் அந்தப் படியைப் போல் 20 மடங்குக்குக் கீழே நிறுக்கக்கூடாது. படி 5 கிராம் என்றால் 100 கிராமுக்குக் குறைந்த எதையும் அதில் வைக்கக்கூடாது. 100 கிராம் பாக்கெட்டை வைத்தாலும் 5 கிராம் ஆட்டம் என்பது நூற்றுக்கு ஐந்து. பாக்கெட் வேலைக்குப் படி 1 கிராம் உள்ள சின்னத் தராசு வாங்குங்கள்.

கவரோடு சேர்த்து நிறுப்பது அடுத்த தவறு. லேபிளில் எழுதுவது நிகர எடை. கெட்டியான ஜிப் கவர் ஒன்று பத்து கிராம்கூட இருக்கும். காலிக் கவரைத் தட்டில் வைத்து, ‘டேர்’ பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு கருவாட்டைப் போடுங்கள். கவர் மாற்றினால் டேரும் மாற்றவேண்டும். ஒரே நாளில் இரண்டு அளவுக் கவரில் அடைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

விதிகள் கொஞ்சம் சலுகை தருகின்றன. 200 முதல் 300 கிராம் வரையான பாக்கெட்டில் 9 கிராம் வரை, 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை 15 கிராம் வரை ஏற்ற இறக்கம் பொறுத்துக்கொள்ளப்படும். ஆனால் மொத்தப் பாக்கெட்டுகளின் சராசரி, எழுதிய எடைக்குக் கீழே போகக்கூடாது. எல்லாப் பாக்கெட்டிலும் 245 கிராம் போட்டுவிட்டு ‘சலுகைக்குள்தானே இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. கருவாடு கடையில் இருக்கும்போது ஈரம் இழந்து இன்னும் இளைக்கும். 250 கிராம் பாக்கெட்டுக்கு 254, 255 வைத்து அடைப்பது நட்டமல்ல, காப்பீடு.

4. லேபிள்

இனி நிதானமாகப் படிக்கவேண்டிய இடம். ஒரே ஸ்டிக்கரில் இரண்டு விதிகள் சந்திக்கின்றன: 2011-இன் பொட்டலப் பொருள் விதிகள், 2020-இன் உணவு லேபிள் விதிகள். ஒன்று கேட்பதை மற்றொன்று கேட்காது.

மொழியிலிருந்து தொடங்குவோம். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாகவேண்டும். தமிழ் அதோடு கூடுதலாக வரலாம், வரவும் வேண்டும், வாங்குபவர் படிக்கவேண்டுமே. முழுக்கத் தமிழில் மட்டும் அச்சடித்த லேபிள் செல்லாது. வருத்தமான விதிதான், ஆனாலும் விதி.

கால் கிலோ நெத்திலிப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழே எழுதிப் பார்ப்போம். முன்பக்கம் பொருளின் பெயர்: நெத்திலிக் கருவாடு, கீழே அதன் ஆங்கிலப் பெயர். உங்கள் பிராண்டின் பெயர் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது என்ன என்பதை அது மறைக்கக்கூடாது. பெயருக்குப் பக்கத்தில் அசைவக் குறி. பழுப்புச் சதுரத்துக்குள் நிரப்பிய பழுப்பு முக்கோணம். முன்பு வட்டமாக இருந்தது, 2020 விதிகளில் முக்கோணமானது. அச்சகத்துக் கணினியில் பழைய வட்டம்தான் இன்னும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும், பார்த்து மாற்றச் சொல்லுங்கள். அதன் கீழே நிகர எடை 250 கிராம்.

பின்பக்கம் உட்பொருட்கள், எது அதிகமோ அது முதலில்: நெத்திலி, உப்பு. அடுத்து ஒவ்வாமை அறிவிப்பு: ‘மீன் உள்ளது’. பெயரிலேயே மீன் இருந்தாலும் இந்த வரி வேண்டும். சென்னாக்கூனியோ இறாலோ என்றால் ‘ஓடுடைய கடல் உயிரி’ என்று வரவேண்டும். 100 கிராமுக்கான ஊட்டச்சத்து விவரம் அடுத்தது. பக்கத்துக் கம்பெனியின் பாக்கெட்டைப் பார்த்து எண்களைக் காப்பியடிப்பது பரவலான பழக்கம். உப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் பொருளில் சோடியம் கணக்கு எப்படி ஒன்றாக இருக்கும்? ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

பிறகு உணவுப் பாதுகாப்பு இலச்சினையும் 14 இலக்க எண்ணும், பேட்ச் எண், தயாரித்த அல்லது அடைத்த தேதி, காலாவதித் தேதி. ‘இந்தத் தேதிக்கு முன் உபயோகிப்பது சிறந்தது’ என்று மட்டும் போட்டால் இப்போது போதாது. காலாவதித் தேதி கட்டாயம், மற்றது விருப்பம். பேட்ச் எண்ணை ரகசியக் குறியீடாக்க வேண்டாம். அடைத்த தேதியோடு எந்தப் பரணில் காய்ந்தது என்பதைச் சேர்த்தால் போதும்: 120826-2 என்றால் 2026 ஆகஸ்ட் 12 அன்று அடைத்த இரண்டாம் பரண். நாளை ஒரு பாக்கெட்டில் பூஞ்சணம் என்று புகார் வந்தால், அந்தப் பரணின் சரக்கை மட்டும் திரும்ப எடுத்தால் முடிந்தது.

விலை வரியில் இரண்டு எண் வேண்டும். முதலாவது அதிகபட்ச சில்லறை விலை, ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்ற சொற்களோடு. இரண்டாவது அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்குக் கிராம் ஒன்றுக்கு எவ்வளவு, கிலோவுக்கு மேல் என்றால் கிலோ ஒன்றுக்கு எவ்வளவு, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம். 250 கிராம் 220 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.88 ரூபாய். 100 கிராம் 95 ரூபாய் என்றால் 0.95. சின்னப் பாக்கெட் வாங்குபவர் கிலோவுக்கு 70 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்த விதி. சரியாக ஒரு கிலோ பாக்கெட்டுக்கு இரண்டும் ஒரே எண் என்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை. இதே 2021-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் சில பொருட்களுக்கு இருந்த ‘இந்தந்த அளவில்தான் அடைக்கவேண்டும்’ என்ற பட்டியலையும் நீக்கியது.

கடைசியாக, தயாரிப்பவர் அல்லது அடைப்பவரின் பெயரும் முழு முகவரியும், புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும். ‘பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்’ என்று மட்டும் போடுவது முகவரி அல்ல. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு வேண்டும்.

ஸ்டிக்கரில் எழுதக்கூடாததும் இருக்கிறது. ‘100 சதவீதம் இயற்கை’ என்று போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. உணவு லேபிளிலும் விளம்பரத்திலும் ‘100 சதவீதம்’ என்ற சொல்லைத் தவிர்க்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. ‘வீட்டுத் தயாரிப்பு’ என்ற சொல்லையும் 2018-இன் விளம்பர விதிகள் ஏற்பதில்லை. சர்க்கரை நோய்க்கு நல்லது, மூட்டுவலி போகும் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

லேபிள் தயாரானதும் ஒரு வேலை பாக்கி. அடைப்பவர் என்ற முறையில், தொழில் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவு விதிகளின் 27-ஆம் விதிப்படி பதிவு செய்யவேண்டும். கட்டணம் 500 ரூபாய். உணவுப் பதிவு வேறு, இது வேறு. ஒன்றை எடுத்துவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம்.

5. குவியலில் இருக்கக்கூடாதவை

நம் கடலில் ஒரு பகுதி மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். கடலட்டை 2001 முதல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல்குதிரையும், ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனும் அதே அட்டவணைதான். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளைப் புதிதாக எழுதியதில் சுறா, திருக்கை, உழுவை (கித்தார் மீன்) வகைகள் பல சேர்ந்தன. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். இதில் ‘தெரியாமல் வந்துவிட்டது’ என்ற பேச்சு உதவாது. இழுவை மடியில் வந்த கலப்பு மீனை மொத்தமாக வாங்கிக் காயவைப்பவர்கள், அடைக்கும் முன் தட்டில் பரப்பிப் பொறுக்கியாகவேண்டும். சென்னாக்கூனிக் குவியலில் சுண்டுவிரல் நீளக் காய்ந்த கடல்குதிரை ஒன்று கிடப்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது. சுறாக் கருவாடு, திருக்கைக் கருவாடு விற்பதென்றால் தலையும் துடுப்பும் வெட்டப்படாத நிலையில் இனம் தெரிந்த பிறகு வாங்குங்கள். துண்டு போட்ட பிறகு இனம் சொல்வது அனுபவசாலிக்கே கடினம்.

6. ஜிஎஸ்டி

முதலில் வரி இருக்கிறதா என்று பார்ப்போம். புதிய மீனுக்கும் ஐஸில் வைத்த மீனுக்கும் வரி இல்லை. கருவாட்டை உதிரியாக நிறுத்து விற்றாலும் இல்லை. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். 2022 ஜூலை 18-க்கு முன் ‘பதிவு பெற்ற பிராண்ட்’ இருந்தால்தான் வரி என்ற நிலை இருந்தது. இப்போது பிராண்ட் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல, ‘முன்பே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டியதா’ என்பதுதான் கேள்வி. ‘எங்களுக்குப் பிராண்டே இல்லை, வரியும் இல்லை’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய விதியில் நிற்கிறார்கள்.

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் வரிப்படிகளைச் சுருக்கியது. செப்டம்பர் 22 முதல் 12 சதவீதப் படி போய்விட்டது. நமக்கு இதில் லாபம் இரண்டு இடத்தில். மீன் ஊறுகாய் போன்ற சமைத்துப் பதப்படுத்திய மீன் வகைகள் 12-லிருந்து 5-க்கு வந்தன. பார்சல் அனுப்பும் அட்டைப்பெட்டியும் 12-லிருந்து 5 ஆனது. பெட்டி விற்பவர் பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள்.

வரி உண்டு என்பதால் உடனே பதிவு எடுக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை வரை பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் வரி என்று தனியாக ஒரு பைசாகூட வாங்கக்கூடாது.

இந்த 40 லட்சம் கணக்கு ஒரு பார்சலில் உடையும். பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் வழியாக ஓர் ஆர்டர், கொச்சியிலிருந்து இன்னொன்று என்று வரும்போது, வரியுள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவருக்கு எந்த வரம்பும் கிடையாது. முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். கோயம்புத்தூருக்கு ஆயிரம் பாக்கெட் அனுப்பலாம், கொச்சிக்கு ஒன்று அனுப்ப முடியாது. வெளிமாநில ஆர்டர் எடுக்கப்போகிறீர்களா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். எடுக்கப்போகிறீர்கள் என்றால், விற்பனைத் தொகையில் 1 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேராதீர்கள். அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே முடியாது. கணக்கு எழுத எளிது என்று யாராவது சொன்னதைக் கேட்டுச் சேர்ந்துவிட்டு, பிறகு வெளியேற அலைவது அடிக்கடி நடப்பது.

பெரிய இணையச் சந்தைகளில் கடை போடுபவருக்கு முன்பு பதிவு இல்லாமல் வழியே இல்லை. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரி பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

பதிவு எடுப்பது என்றால் கட்டணம் எதுவும் இல்லை. 2025 நவம்பர் 1 முதல் சிறியவர்களுக்கு ஒரு விரைவு வழி வந்திருக்கிறது. பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு நீங்கள் விற்கும் சரக்கின் மாத வரி 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டாது என்றால், ஆதார் சரிபார்ப்போடு 3 வேலைநாளில் எண் கிடைக்கும். நின்றுபோவது பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான். கரையோரக் கிராமங்களில் வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அப்பா பேரிலோ, காலமான தாத்தா பேரிலோ இருக்கும். உயிரோடு இருப்பவர் பேரில் என்றால் அவருடைய சம்மதக் கடிதத்தையும் மின்கட்டண ரசீதையும் சேர்த்து ஏற்றுங்கள். காலமானவர் பேரில் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே வரி ரசீதைப் பெயர்மாற்றிக்கொள்வது நல்லது. பாதியில் கேள்வி வந்து நின்றால் நாள் கணக்கு போய்விடும்.

7. உத்யம்

உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இலவசம், ஆதாரும் பானும் போதும், கால் மணி நேர வேலை. இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய உண்டு. தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலின் எல்லை 2.5 கோடி ரூபாய் முதலீடு, 10 கோடி விற்பனை என்று உயர்ந்தது. கருவாட்டுக்காரர் அதைத் தாண்டப் பல காலம் ஆகும். இதனால் வரும் பெரிய பயன் வசூல்தான். மதுரையிலோ சென்னையிலோ உள்ள கடை சரக்கை எடுத்துவிட்டு இழுத்தடித்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் ‘சமாதான்’ தளத்தில் புகார் போடலாம். முதல் சரக்கு போகும் முன்பே உத்யம் எடுத்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சடித்து வைத்தால்தான் இது கைகொடுக்கும்.

8. வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் விற்பது

படம் போட்டு ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று எழுதுவதை நிறுத்திவிடுங்கள். பாக்கெட்டின் மேல் இருக்கும் விவரங்கள், விலை, நிகர எடை, அடைப்பவர் பெயர் எல்லாம் வாங்கும் முன்பே திரையில் தெரியவேண்டும். கூரியர் செலவைத் தனியாக வாங்கலாம், ஆனால் முதலிலேயே சொல்லவேண்டும். 220 ரூபாய் என்று காட்டிவிட்டுப் பணம் கட்டும் கடைசித் திரையில் 310 ஆக்குவது, 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்கள் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. குடோனில் மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு ‘இன்னும் 3 பாக்கெட்தான்’ என்று அவசரப்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது. சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் கூடாது.

கருவாட்டின் வாடை வெளியே வந்தால் கூரியர்காரர் பாதி வழியில் பார்சலை நிறுத்திவைப்பார். தாமதத்தால் கெட்டால் வாடிக்கையாளரிடம் நீங்கள்தான் பொறுப்பு. சீல் போட்ட பாக்கெட்டை இன்னொரு கெட்டிக் கவரில் போட்டு, அதன் மேல் அட்டைப்பெட்டி என்று மூன்று அடுக்காக அனுப்புங்கள். நேரில் வாங்குபவருக்கு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கேரி பேக் தரக்கூடாது, தமிழ்நாட்டில் அது 2019 ஜனவரி 1 முதலே தடை. பழையபடி ஓலைப்பெட்டியோ துணிப்பையோ நன்றாகவே எடுபடுகிறது.

வாடிக்கையாளர்களின் எண்களைக் கேட்காமல் குழுவில் சேர்ப்பதையும், இன்னொரு வியாபாரிக்குக் கொடுப்பதையும் இப்போதே விட்டுவிடுங்கள். தனிநபர் தரவுச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும்.

9. புகார் வந்தால்

வாங்கியவருக்கு இப்போது வழிகள் எளிது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய பாக்கெட்டைக் கட்டணம் கட்டித் தானே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நுகர்வோர் ஆணையத்துக்கு ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக்கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விற்பவர்கள் கவனிக்கவேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சேலத்துக்காரர் சேலத்தில் போட்டால் தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள்தான் பஸ் ஏறவேண்டும். 220 ரூபாய்ப் பாக்கெட்டுக்கு அது கட்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே முடித்துவிடுவதுதான் லாபம். பாக்கெட்டின் படத்தையும் பேட்ச் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாக்கெட்டைக் காலாவதித் தேதி வரை எடுத்துவைத்திருந்தால், உடனே பிரித்துப் பார்த்துவிடலாம். உங்களிடம் இருப்பதிலும் பூஞ்சணம் என்றால் வாதம் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த பேட்சைக் கடைகளிலிருந்து எடுங்கள். உங்களிடம் இருப்பது நன்றாக இருந்தால், அதைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

அதையும் மீறி ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், பதில் கொடுக்க 30 நாள். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் தரலாம். 45-க்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. தபால்காரர் கொடுத்த கவரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி, உள்ளிருந்த தாளோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.